வடமலைக்கு வரவேண்டிய வார்த்தை

வடமலைக்குத் துரோகம் செய்தவன் கூடப்பிறந்த தம்பி மாசிலாமணி. அப்பா செத்த அன்று வடமலை வெளியூரிலிருந்து அடித்துப் பிடித்து வந்துகொண்டிருந்தார். தலைமகன் வந்து கொள்ளி வைக்கட்டும் என்று ஊரே சொன்னது. தம்பி காத்திருக்கவில்லை. சுடுகாட்டில் அண்ணன் பார்த்தது புகையைத்தான்.

"தப்புத்தான் அண்ணே" என்று ஒரு வார்த்தை வரவில்லை.

வடமலை கல்யாணமும் செய்துகொள்ளாதவர். வீட்டை உதறிவிட்டு மடத்துக்கு வந்து அடுப்படியை ஏற்றுக்கொண்டார். மடத்துச் சாமி அவரைவிட வயதில் சிறியவர். ஆனாலும் குரு குருதானே.

ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து மாதந்தோறும் செண்பகம் வருவாள். ரத்த அழுத்தம் பார்த்து, அடுத்த மாதத்துக்கு மாத்திரை கொடுத்துவிட்டுப் போவாள். அவள் மாசிலாமணியின் மருமகள்.

அன்று வடமலையின் கையில் பட்டையைச் சுற்றிப் பார்த்தவளுக்கு முகம் மாறிவிட்டது.

"நூத்தித் தொண்ணூறு, பெரிய மாமா! போன மாசம் கொடுத்த மாத்திரை எங்கே?"

"அரிசிப் பானைக்குப் பின்னால. கொடுத்தது கொடுத்தபடி இருக்கு."

"ஒண்ணுகூடப் போடலையா?"

"இது நோய் இல்லம்மா. உன் மாமனார் ஏத்தி வச்சது. ஏத்தினவன் வந்து இறக்கட்டும்."

"அதுக்குள்ள கை கால் இழுத்துக்கிட்டா?"

"இழுக்கட்டும். யாரால வந்ததுன்னு ஊர் பார்க்கட்டும்."

செண்பகத்துக்குக் கண் கலங்கியது. சாமி முற்றத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். வடமலை அவர் பக்கம் திரும்பினார்.

"நீங்களே சொல்லுங்க சாமி. மனசுல இருக்கிற பாரத்தை மாத்திரை இறக்குமா?"

சாமி கையைக் கழுவிக்கொண்டு வந்து செண்பகத்திடம் நீட்டினார். அவள் பார்த்தாள்.

"நூத்தி முப்பது. போன வருஷம் நூத்தி எழுபதுக்கு மேல இருந்தீங்களே சாமி! விடாம மாத்திரை போட்டதோட பலன்."

வடமலைக்குத் தூக்கிவாரிப்போட்டது. "சாமிக்கா? பூனை பாலைக் கவிழ்த்தாலும் சிரிக்கிறவருக்கா?"

"எனக்கு யார் துரோகம் பண்ணினான்னு நானும் தேடிப் பார்த்தேன். ஒருத்தனும் அகப்படலை. மாத்திரையைப் போட்டுட்டேன்."

செண்பகம் சிரித்துவிட்டாள். வடமலை சிரிக்கவில்லை.

"அப்போ, அவனை மன்னிச்சுடுன்னு சொல்றீங்க."

"நான் எங்கே சொன்னேன்? அந்த வார்த்தை உங்களுக்கு வரவேண்டியது. விடாதீங்க."

வடமலை நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"உன் மாமனார் எப்படிம்மா இருக்கார்?" என்று சாமி கேட்டார்.

"அவருக்கும் அழுத்தம் உண்டு சாமி. ஆனா ஒருநாள் மாத்திரை தவறமாட்டார். ஊறுகாயை நிறுத்திட்டார். சாயங்காலம் ஏரிக்கரையில நடக்கிறார். திடமா இருக்கார்."

"கேட்டீங்களா வடமலையாரே? சொல்லவேண்டியவன் திடமா இருக்கான். கேக்கவேண்டிய நீங்க கிளம்பப் பார்க்கிறீங்க. போங்க, தடுக்கலை. ஒண்ணு மட்டும் சொல்லிட்டுப் போங்க."

"என்ன சாமி?"

"பிள்ளை இல்லாத உங்களுக்குக் கொள்ளி வைக்க யார் வருவான்?"

வடமலை எழுந்து அடுப்படிக்குப் போனார். அரிசிப் பானையை நகர்த்தும் சத்தம் கேட்டது.

அந்த வார்த்தை இன்னும் வரவில்லை.