தலைவருக்கு ராசியான சேனல்

சங்கத் தலைவர் ஆனதும் சிலருக்குக் கொம்பு முளைத்துவிடும். அந்த அடுக்குமாடியின் தலைவர் அருணகிரிக்கு இரண்டு முளைத்திருந்தது. தன் வீட்டு வைஃபை திணறியதும் கூட்டம் போட்டார். "வாடகைக்கு இருக்கறவங்களாலதான் நெரிசல். சாயங்காலம் நீங்க எல்லாரும் வைஃபையை அணைச்சிடணும்."

வாடகைக்கு இருக்கும் பிலோமினாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சாயங்கால ஆன்லைன் டியூஷன்தான் அவள் பிழைப்பு. ஆறு ராசியான எண் என்று, கட்டடம் முழுக்க வைஃபை அலைவரிசையை ஆறாம் சேனலில் வைக்கச் சொன்னதே இந்த மனுஷன்தான். ஒரே சேனலில் அத்தனை வீடும் முட்டிக்கொண்டால் எது ஓடும்?

"சரிங்க சார்" என்று மட்டும் சொன்னாள். அன்றே வாடகை வீடுகளிலெல்லாம் ஏறி இறங்கினாள்.

அடுத்த கூட்டத்தில் தலைவர் மீசையைத் தடவினார். "இவங்க அணைச்சதும் என் வீட்ல படம் நிக்காம ஓடுது. கோளாறு யாராலன்னு தெரிஞ்சுதா?"

பிலோமினா எழுந்தாள்.

"யாரும் அணைக்கலை சார். நான் தினமும் டியூஷன் எடுத்தேன். நாங்க ஒண்ணாம் சேனலுக்கும் பதினொண்ணாம் சேனலுக்கும் மாறிக்கிட்டோம். ராசியான ஆறை உங்களுக்கே விட்டுட்டோம். நாங்க விலகினப்புறம்தான் சார் உங்க ராசியே வேலை செய்யுது."