நேர்கோட்டுக்கு ஷாக்

குமரகுருபரன் ஒரு தொலைக்காட்சித் தொடருக்கு ஆறு வருடமாகக் கதை எழுதிவந்தார். அவசர சிகிச்சை டாக்டர்களைப் பற்றிய தொடர். ஐம்பத்தைந்தாவது வயதில் அவருக்கு ஒரு சந்தேகம் வந்தது. தெற்கே ஓர் அரசு மருத்துவமனைக்குப் போய், அவசரப் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்த டாக்டர் பிலோமினாவைச் சந்தித்தார். அவரைவிட இருபது வயது இளையவர்.

“நாங்க காட்டுறது எவ்வளவு தூரம் நிஜம்? நீங்கதான் கத்துக் குடுக்கணும்.”

பிலோமினா அவரை அங்கேயே நின்று பார்க்கச் சொன்னார்.

குமரகுருபரன் இரண்டு நாள் பார்த்தார். யாரும் வசனம் பேசவில்லை. பாதி நேரம் காலிக் கட்டில் தேடி போன் செய்துகொண்டிருந்தார்கள்.

மூன்றாம் நாள் காலை பதினோரு மணிக்கு, சந்தையில் சுருண்டு விழுந்த தன் அப்பாவை இசக்கிராஜ் என்பவன் ஆட்டோவில் கொண்டுவந்தான். நாடி இல்லை. மூச்சும் இல்லை. பிலோமினா ஸ்டூல் மேல் ஏறி நின்று நெஞ்சை அழுத்தத் தொடங்கினார். விலா எலும்பு முறிவது கேட்டது. ஊசி போட்டார்கள். ஆள் மாற்றி ஆள் அழுத்தினார்கள். நாற்பது நிமிடம். இதயத் துடிப்பைக் காட்டும் திரையில் கோடு நேராகவே ஓடியது. குமரகுருபரன் சுவரோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

இறந்துவிட்டார் என்று மகனிடம் சொன்னபோது அவன் நெஞ்சில் மின்சார ஷாக் கொடுக்கச் சொன்னான். துடிப்பு தாறுமாறாக இருந்தால்தான் ஷாக் உதவும், நின்றே போனால் உதவாது என்று பிலோமினா விளக்கினார். அவன் காதில் ஏறவில்லை.

“டிவியில பார்த்திருக்கேன். கோடு நேரா போகும், ஷாக் வைப்பாங்க, எந்திரிச்சு உட்காருவாங்க. ஏழைன்னுதானே எங்கப்பாவுக்கு வைக்கல?”

பிடித்துத் தள்ளினான். இரும்புக் கட்டிலில் மோதி பிலோமினாவின் நெற்றி கிழிந்தது. காவலாளிகள் அவனை மடக்கினார்கள். அவனை விடச் சொல்லிவிட்டு, பஞ்சை நெற்றியில் அழுத்தியபடி அவர் நேராகக் குமரகுருபரனிடம் வந்தார்.

“அந்தக் காட்சியை எழுதினது யாரு?”

“நான்தான்.”

“எத்தனை தடவை?”

“பத்துப் பன்னிரண்டு இருக்கும்.”

“தப்புன்னு தெரியாதா?”

குமரகுருபரன் தலைகுனிந்தார். “முதல் தடவையே ஒரு டாக்டர் சொன்னார். பார்க்க நல்லா இருந்துச்சுன்னு விட்டுட்டோம்.”

“போய் அவன்கிட்ட சொல்லுங்க.”

இசக்கிராஜ் அப்பாவின் காலடியில் தரையில் உட்கார்ந்திருந்தான். குமரகுருபரன் அவனெதிரே உட்கார்ந்து, அந்தத் தொடரை எழுதுவது தான்தான் என்றார். அப்படி யாரும் எழுந்து உட்கார்வதில்லை, அது பொய் என்றும் சொன்னார். அடிப்பான் என்று நினைத்தார். அவன் அவரையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“அப்போ அவ்வளவு நேரம் அந்தம்மா எங்கப்பாவை என்ன செஞ்சாங்க?”

குமரகுருபரன் எழுந்து திரும்பி வந்தார்.

அதற்குள் பிலோமினா பாம்பு கடித்த ஒரு பெண்ணின் கையில் ஊசி ஏற்றிக்கொண்டிருந்தார். நெற்றியில் ரத்தம் இன்னும் காயவில்லை. குமரகுருபரன் மன்னிப்புக் கேட்டார். இனி அந்தக் காட்சியை எழுத மாட்டேன் என்றார்.

“என்ன செஞ்சீங்கன்னு கேட்கிறான். நான் என்னன்னு சொல்றது?”

“நாற்பது நிமிஷமும் இங்கதானே நின்னீங்க” என்றார் பிலோமினா. “பார்த்ததைச் சொல்லுங்க.”