கூடையில் இருந்த வினைச்சொல்

“‘ஆக்சிலரேட்’னா என்னங்கம்மா?” என்று கேட்டார் செங்கோடன்.

சேலத்தில் மாம்பழ மண்டி வைத்திருப்பவர். சீசனில் வாரம் தவறாமல் பழக்கூடையோடு ஆசிரமத்துக்கு வந்துவிடுவார். பெங்களூர் வியாபாரிகளிடம் இங்கிலீஷில் வெளுத்து வாங்க வேண்டும் என்று அவருக்கு ஆசை.

ஆசிரமத்தை நடத்தும் அம்மா, துறவுக்கு முன்னால் கல்லூரியில் இங்கிலீஷ் நடத்தியவர். எல்லோரும் அவரிடம் ஞானம் கேட்டு வருவார்கள். வினைச்சொல் கேட்டு வருகிற ஒரே சீடர் இவர்தான்.

“வேகப்படுத்துறது,” என்றார் அம்மா.

அர்த்தம் அகராதியிலேயே இருக்கிறது, அதை எந்த இடத்தில் போட்டுப் பேசுவது என்றுதான் பிடிபடவில்லை என்று செங்கோடன் குறைப்பட்டுக்கொண்டார்.

அம்மா கூடையைப் பார்த்தார். தங்க நிறத்தில் பழங்கள், ஒன்றிலும் ஒரு புள்ளி இல்லை.

“இது எப்படிப் பழுத்துச்சு?”

செங்கோடன் குரலைத் தாழ்த்தினார். “காய்க்கு நடுவுல கார்பைடு கல்லு வெப்போமுங்க. தானா பழுக்க ஒரு வாரம் ஆகும். கல்லு வெச்சா மறுநாளே மஞ்சளாயிடும்.”

“அந்த இடத்துலதான் அந்தச் சொல்லைப் போடணும்.”

செங்கோடனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கல்லையும் பழத்தையும் சேர்த்து அங்கேயே ஒரு வாக்கியம் அமைத்து, இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார்.

“நல்லாப் புரிஞ்சுதா?”

“நல்லாவே புரிஞ்சுதுங்கம்மா.”

அம்மா ஒரு பழத்தை எடுத்து, செங்கோடனோடு வந்திருந்த அவருடைய ஆறு வயது மகள் மிதுனாவிடம் நீட்டினார். குழந்தை வாங்கி வாயருகே கொண்டுபோனாள்.

பளீரென்று ஓர் அடி. பழம் தரையில் உருண்டது.

மிதுனா அழக்கூட இல்லை. அப்பா அவளை அதுவரை அடித்ததே கிடையாது. சிவந்த கையையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“வீட்டுக்குப் போய்ச் சாப்பிடலாம் கண்ணு,” என்றார் செங்கோடன் பதறிப்போய். “உனக்குன்னு தனியா வைக்கோல்ல பழுக்க வெச்சிருக்கேன்ல.”

சொன்ன பிறகுதான் சொன்னது அவர் காதில் விழுந்தது.

அம்மா குனிந்து பழத்தை எடுத்தார். காவிச் சேலையின் முந்தானையில் துடைத்தார். நிதானமாக வாய்க்குக் கொண்டுபோனார்.

செங்கோடன் பாய்ந்து அந்தக் கையையும் தட்டிவிட்டார்.