நான்கு ஜோடிச் செருப்பு

முன்னொரு காலத்தில் ஓர் அரசருக்கு உண்டது செரிக்கவில்லை. சிரித்துவிட்டுச் சாப்பிட்டால் செரிக்கும் என்று ஒருநாள் அவருக்கே தோன்றியது. உடனே முரசறைந்தார்கள். "அரசரைச் சிரிக்க வைப்பவர் எவரோ, அவரே அரண்மனை விகடர்!"

நல்லாண்டான் என்பவன் அதைக் கேட்டு வந்தான். பேச்சில் கெட்டிக்காரன். மனைவி இறந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. வீட்டில் அரிசி இல்லை. இருந்திருந்தாலும் சமைத்திருக்க மாட்டான்.

சபை வாயிலில் செருப்பைக் கழற்றினான். ஓரமாக நான்கு ஜோடிச் செருப்புகள் புழுதி படிந்து கிடந்தன. ஒன்றின் வாரில் சிலந்தி கூடு கட்டியிருந்தது.

அமைச்சர் கருமாணிக்கர் வெள்ளிப் பூண் போட்ட தடியோடு எதிரே வந்தார். வேறொருவர் பேச்சுக்கு அரசர் சிரிப்பது அவருக்கு ஆகாது.

"எனக்கு முன்பு இங்கே விகடர்கள் இருந்தார்களா, ஐயா?"

"நால்வர் இருந்தனர். தாமாகவே விலகிக்கொண்டனர்."

"செருப்பில்லாமலா?"

"துருவித் துருவிக் கேளாதீர். இங்கு நாம் எல்லோரும் ஒரே குடும்பம்."

"விடுப்பு உண்டா?"

"அரசர் சிரிக்காத அன்று உண்டு. அதன்பின் நீர் வேலைக்கே வர வேண்டியதில்லை."

நல்லாண்டானுக்குப் புரிந்தது. "அப்படியானால் நான் புறப்படுகிறேன்."

"உள்ளே வந்தவர் மறுப்பது அரசகுற்றம். கழுமரம் பின்கட்டில் இருக்கிறது."

அப்போது அரசர் தும்மினார். அமைச்சர் தடியைத் தரையில் தட்டினார். சபை முழுவதும் சிரித்தது. ஒருவர் கண்ணும் அரசர் மேல் இல்லை. எல்லாம் தடியின் மேல்தான். நால்வரும் எப்படிச் செத்தார்கள் என்று நல்லாண்டானுக்குத் தெரிந்துவிட்டது. விகடம் முடியுமுன் தடி விழும். சபையின் சிரிப்பில் விகடத்தின் மிச்சம் அரசர் காதில் விழாது, அவர் சிரிக்கவும் மாட்டார்.

அவனை அரசர் முன் நிறுத்தினார்கள். "சொல்லும்" என்றார் அரசர்.

நல்லாண்டான் வாயைத் திறந்தான். தடி விழுந்தது. சபை குலுங்கியது. அவன் ஒரு சொல்லும் சொல்லாமல் வாயை மூடிக்கொண்டான்.

"என்ன சொன்னான்?" என்று அரசர் கேட்டார்.

"ஆகா, அந்த யானை, மன்னா!" என்றார் சேனாதிபதி, கண்ணைத் துடைத்தபடி.

"யானையா? மாமியார் அல்லவா?" என்றார் புரோகிதர்.

"மாமியார்தான், மன்னா. யானை மேல் வந்தார்" என்றார் அமைச்சர்.

அரசர் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். "அடப் பாவிகளா, இவன் இன்னும் பேசவே இல்லையே!"

முதலில் அரசரின் தொந்தி ஆடியது. பிறகு சிம்மாசனமே ஆடியது.

நல்லாண்டான் வணங்கினான். "மன்னா, தங்களைச் சிரிக்க வைப்பவரே விகடர் என்று முரசறைந்தீர்கள். அடியேன் ஒன்றும் சொல்லவில்லை. சிரிக்க வைத்தவர் அமைச்சர். வேலை அவருடையது."

அமைச்சரின் முகத்தைப் பார்த்து அரசர் மறுபடியும் சிரித்தார். "ஐயோ, வயிறு! என்ன பரிசு வேண்டும், கேள்!"

"வெளியே போக அனுமதி, மன்னா."

அதையும் விகடம் என்று நினைத்து அரசர் சிரித்தார். பொன்னாடை போர்த்தி அனுப்பினார்.

கோட்டை வாசலில் வயிறு ஒட்டிய ஒருவன் நின்றிருந்தான்.

"அண்ணே, வேலை கிடைச்சிருச்சா?"

"எனக்கில்ல. அமைச்சருக்கு."

"அவரு எத்தனை நாள் தாங்குவாரு?"

"உள்ள போகாத, தம்பி. நாலு பேரு செத்திருக்காங்க."

"வெளியில மட்டும் என்ன வாழுதாம்?"

அந்த ஆள் மதிலோரம் துண்டை விரித்து, அடுத்த முரசுக்காக உட்கார்ந்தான்.