சணல் வளையம்

மூன்று வருடமாக மழை பொய்த்துவிட்டது. மலைமேல் இருந்த மடத்தில் புல் தீர்ந்துபோனது. மடத்தின் ஒரே குதிரைக்கு விலா எலும்புகள் தெரியத் தொடங்கின. அடிவாரத்தில் வாய்க்கால் பாயும் ஒரு தோட்டத்தில் அதை விட்டுவரலாம் என்று லாரி பிடித்தார்கள்.

குருவுக்கும் சீடர் குழந்தைவேலுவுக்கும் ஏறக்குறைய ஒரே வயது. ஐம்பதைத் தாண்டியவர்கள்.

டிரைவர் நாச்சிமுத்து லாரிக்குள் எட்டிப் பார்த்தார்.

"எறங்கப்போறது குதிரை. உங்க துணிப்பை எதுக்குங்க சாமி?"

குழந்தைவேலு தன் பையை ஓரமாகத் தள்ளி வைத்தார். மடத்துக்குத் திரும்புவதில்லை என்று முடிவு செய்திருந்தார். குருவிடம் சொல்ல வாய் வரவில்லை.

குதிரையை ஏற்றினார்கள். குழந்தைவேலு தலைக்கயிற்றை லாரியின் இரும்பு வளையத்தில் இறுக்கி முடிச்சுப் போட்டார். பிறகு அவிழ்த்தார். மறுபடியும் போட்டார்.

"என்ன?" என்றார் குரு.

"கட்டாவிட்டால் உள்ளேயே திரும்ப முயன்று விழும். கட்டினால், விழும்போது கழுத்து போய்விடும். எது சரி, சாமி?"

தீவனச் சாக்கின் வாயைக் கட்டியிருந்த சணலைக் குரு உருவினார். அதை இரும்பு வளையத்தில் கோத்துச் சிறு வளையமாக முடிந்தார். தலைக்கயிற்றை அந்தச் சணலில் கட்டினார். குதிரை தலையைத் தாழ்த்தி, மூக்கில் ஏறும் தூசியை இருமித் தள்ளும் அளவுக்கு நீளம் விட்டார். கால் மாட்டும் அளவுக்கு விடவில்லை.

"சணலா? ஒரு இழுப்புக்குத் தாங்காதே."

"தாங்காது."

"அப்புறம் எதற்கு?"

"ரெண்டு சாமியும் பேசி முடிச்சா வண்டிய எடுக்கலாமுங்களா?" என்றார் நாச்சிமுத்து. "வெயில் ஏறுனா எஞ்சின் என்னையத் திட்டும்."

மலை இறங்கும்போது ஒரு வளைவில் எதிரே பேருந்து வந்தது. பிரேக் போட்டதில் குதிரையின் பின்கால்கள் வழுக்கின. முழு எடையும் கயிற்றில் விழுந்தது. சணல் அறுந்தது. குதிரை முழங்காலில் விழுந்து, நடுங்கியபடி எழுந்து நின்றது.

நாச்சிமுத்து ஓடிவந்து பார்த்தார்.

"இரும்புல கட்டியிருந்தா இந்நேரம் குழி வெட்டிட்டு இருப்போமுங்க."

குரு இன்னொரு சணலை உருவினார்.

"மறுபடியும் சணலா?"

"மறுபடியும்."

"ஒவ்வொரு தடவையும் அறுந்தால்?"

"ஒவ்வொரு தடவையும் முடிய வேண்டியதுதான்." குருவின் குரலில் அலுப்பு இருந்தது.

தோட்டம் வந்தது. குழந்தைவேலு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பின்கதவின் கொக்கியில் கை வைத்தார்.

"இருங்கள். முதலில் தலைக்கயிறு" என்றார் குரு. "கட்டிவைத்துக்கொண்டு வாசலைத் திறந்து காட்டக் கூடாது. மிரண்டுவிடும்."

கயிற்றை அவிழ்த்தார்கள். பிறகு கதவைத் திறந்தார்கள். குதிரை மெல்ல இறங்கி, தண்ணீர் வாசம் வந்த பக்கம் நடந்தது.

குழந்தைவேலு அதைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"சாமி, நான் மேலே வரவில்லை."

"பையை ஏற்றும்போதே பார்த்தேன்."

"ஏன் ஒன்றும் கேட்கவில்லை?"

குரு லாரியில் சிதறிக் கிடந்த வைக்கோலை ஒதுக்கிக்கொண்டிருந்தார்.

"பன்னிரண்டு வருடம், சாமி. என்னை விடவே மாட்டீர்கள் என்று நினைத்து நினைத்தே ஓய்ந்துபோனேன்."

குரு அறுந்த சணல் துண்டைக் குனிந்து எடுத்தார்.

"ஒரு நாளாவது இழுத்துப் பார்த்திருக்கலாமே" என்றார்.