பென்சிலில் எழுதிய ஒன்பது சதவீதம்

சிமெண்ட் ஆலை முதலாளி தணிகைவேல் வந்தால் அரசு அலுவலகத்தில் நாற்காலிகூட எழுந்து நிற்கும். ஆலைப் புகையில் வரும் கரியமில வாயுவைப் பிடித்து மண்ணுக்குள் அடைக்கப் போகிறாராம். அதற்கு அரசு முப்பது வருஷம் மானியம் தரவேண்டும். விலைவாசி ஏற ஏற மானியமும் ஏறவேண்டும்.

"வருஷத்துக்கு எத்தனை சதவீதம் ஏறும்னு நீயே சொல்லும்மா. அவரும் கோவிச்சுக்கக் கூடாது, கஜானாவும் காலியாகக் கூடாது" என்று செயலாளர் காதோடு சொல்லி, தற்காலிக ஊழியர் மரியபுஷ்பத்தின் தலையில் கட்டிவிட்டார். அப்படியொரு சதவீதம் பூமியிலேயே கிடையாது.

அவள் முதலாளியிடம் பென்சிலை நீட்டினாள். "நீங்களே எழுதிடுங்க சார்."

அவர் 'ஒன்பது' என்று கொட்டை எழுத்தில் எழுதினார். "விலைவாசி ராக்கெட் மாதிரில்ல போகுது!"

"சரிங்க சார். உங்க ஆலை இருக்கறது அரசு நிலம். அந்தக் குத்தகையும் இப்பவே முப்பது வருஷத்துக்குப் புதுப்பிக்கணும். வாடகையும் இதே ஒன்பதுலதான் ஏறும்."

தணிகைவேலுக்கு வேர்த்துவிட்டது. "ஒன்பதா? அநியாயம்! ரெண்டு ஏறினாலே பெரிசும்மா!"

செயலாளர் குனிந்து சிரிப்பை மறைத்தார். முதலாளி குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "ரப்பர் இருக்கா?"

மரியபுஷ்பம் உள்ளங்கையை விரித்தாள். "இந்தாங்க சார். பின்னே, பேனா இருக்கும்போது பென்சில் எதுக்குக் கொடுத்தேன்?"