ராஜா காதில் டக்

முல்லைக்கோட்டை ராஜா வீரகண்டராயர் எச்சில் விழுங்கினால் அவர் வலது காதில் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டது. ஒரு மாதமாக இப்படித்தான். வெற்றிலை போட்டால் டக், டக். மோர் குடித்தால் டக், டக், டக்.

ஒருநாள் சபையில் கேட்டுவிட்டார். "டக் என்று ஒரு சத்தம் கேட்கிறதே, உங்களுக்கும் கேட்கிறதா?"

கேட்கவில்லை என்றால் ராஜா காதில்தான் கோளாறு என்று ஆகிவிடும். ராஜா உடம்பில் கோளாறு என்று அந்த ஊரில் யாரும் சொல்லக் கூடாது, சட்டம். 'மகாராஜாவுக்குச் சளி' என்று வாய் தவறிச் சொன்ன வைத்தியர், இப்போது கொட்டடியில் யானை லத்தி அள்ளிக்கொண்டிருக்கிறார்.

"கேட்கிறது மகாராஜா, காது கிழிகிறது" என்றார் தலைமை மந்திரியான பிரதானி அம்பலவாணர்.

"எனக்கு இரண்டு காதிலும் கேட்கிறது" என்றார் தளவாய். படைத்தலைவர் அல்லவா, ஒரு காது கூடுதலாகவே போட்டார்.

சபையில் இருந்த இருபத்திரண்டு பேரில் இருபத்தொரு பேருக்கும் கேட்டது.

ராஜா யோசித்தார். "இத்தனை பேருக்குக் கேட்கிறது என்றால் யாரோ சத்தம் போடுகிறான் என்றுதானே அர்த்தம்?"

"இந்தச் சபையில் சத்தம் போட்டே பிழைக்கிறவன் ஒருவன்தான் மகாராஜா" என்றார் பிரதானி.

எல்லாரும் அந்த இருபத்திரண்டாவது ஆளைப் பார்த்தார்கள். பூவராகனுக்குப் பலகுரல் பேசுவதுதான் உத்தியோகம். கிளி, கிணற்று ராட்டினம், கோட்டைக் கதவு எல்லாம் அவன் தொண்டையில் இருந்தன. சபையில் பிரதானி விடுகிற குறட்டையும் இருந்தது. போன நவராத்திரிக்கு அதைப் பிரதானியின் சம்பந்தி முன்னாலேயே விட்டுக் காட்டியிருந்தான். பிரதானி மறக்கவில்லை.

"நீயா பூவராகா?"

"நான் இல்லை மகாராஜா."

"அப்படியானால் நாளை உச்சிப்பொழுதுக்குள் ஆளைக் காட்டு. காட்டாவிட்டால் அது நீதான். சத்தம் போடுகிறவன் எவனாக இருந்தாலும் சரி, மூன்று நாள் கம்பளி போர்த்தி வியர்க்க வையுங்கள். அப்புறம் எல்லைக்கு அப்பால் துரத்துங்கள். இது என் வாக்கு."

பூவராகன் வீட்டுக்கு வந்து செய்தியைச் சொன்னான். மனைவி செண்பகம் பாத்திரங்களை மூட்டை கட்டத் தொடங்கினாள்.

"ராஜா என்னதான் சொன்னாரு?"

பூவராகனுக்கு ஒருவர் சொன்னதைத் தன் குரலில் சொல்ல வராது. ராஜா குரலிலேயே சொன்னான். ஒரு மாதமாக அந்தக் குரலைப் பிடிக்க ஒரு தந்திரம் வேண்டியிருந்தது. மூக்கை இரண்டு விரலால் அழுத்திப் பிடிக்க வேண்டும். அப்போதுதான் 'மந்திரி' என்பது ராஜா சொல்கிற மாதிரியே 'பத்திரி' என்று வரும். மூக்கைப் பிடித்தபடி தீர்ப்பைச் சொல்லி முடித்தான். எச்சிலை விழுங்கினான்.

டக்.

மறுபடி விழுங்கினான். டக். விரலை எடுத்துவிட்டு விழுங்கினான். சத்தம் இல்லை.

"மூக்கப் பிடிச்சுக்கிட்டே நிக்கிறீங்களே, என் குழம்பு வாசனை அவ்வளவு மோசமா?"

"இல்லடி. அந்த மூட்டைய இறுக்கி முடிச்சுப் போடாத. நாளைக்கு அவிழ்க்க வேண்டியிருக்கும்."

மறுநாள் உச்சிப்பொழுது. "ஆள் எங்கே?" என்றார் ராஜா.

"காட்டுகிறேன் மகாராஜா. முதலில் சபையோர் எல்லாரும் மூக்கைப் பிடித்துக்கொள்ள வேண்டும்."

ராஜா தலையசைத்தார். இருபத்தொரு மூக்குகள் பிடிபட்டன.

"இப்போது எச்சில் விழுங்குங்கள்."

விழுங்கினார்கள்.

"அட, காதுக்குள்ள டக்குங்குதே" என்றார் தளவாய். "இது என்ன புதுசா?"

ராஜா மெதுவாகத் திரும்பினார்.

"தளவாய், நேற்றே உமக்கு இரண்டு காதிலும் கேட்டதே?"

தளவாய் மூக்கை விடவே இல்லை. பிடித்துக்கொண்டே இருப்பதுதான் பத்திரம் என்று அவருக்குத் தோன்றியது.

ராஜா பூவராகனைப் பார்த்தார். "இவர்கள் மூக்கை இவர்கள் பிடித்தார்கள். என் மூக்கை யார் பிடித்தது?"

"வெளியே யாரும் இல்லை மகாராஜா. உள்ளே ஒருவன் வாசலை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். மூக்கு வாசல் அடைபட்டதால் காது வாசல் தட்டப்படுகிறது."

"யார் அவன்?"

"பேர் சொன்ன வைத்தியர் கொட்டடியில் இருக்கிறார். எனக்கு லத்தி வாசனை ஒத்துக்கொள்ளாது."

"சரி, பேர் வேண்டாம். அவனை என்ன செய்வது?"

"நேற்றே தீர்ப்புச் சொல்லிவிட்டீர்களே மகாராஜா. மூன்று நாள் கம்பளி, வியர்வை, அப்புறம் எல்லைக்கு அப்பால். குற்றவாளி இருக்கிற இடத்தில்தானே கம்பளியைப் போர்த்த முடியும்?"

ராஜா கம்பளியைக் கொண்டுவரச் சொன்னார். வாக்கு வாக்குதான்.

கொட்டடியிலிருந்து வைத்தியரை அழைத்து, இரண்டு தடவை குளிக்க வைத்துக் கொண்டுவந்தார்கள். அவர் கொதிக்கிற பானையில் நொச்சி இலை போட்டார். பானைக்கு மேலே ராஜாவின் தலை, தலைக்கு மேலே கம்பளி. மூன்றாம் நாள் ராஜா ஒரு தும்மல் போட்டார். நந்தவனத்து மயில் மதில்மேல் ஏறிவிட்டது. குற்றவாளி மூக்குத் துடைத்த இரண்டு துண்டுகளில் பிடிபட்டான். தீர்ப்பு தீர்ப்புதான் என்று, இரண்டு வீரர்கள் அந்தத் துண்டுகளைக் குதிரையில் கொண்டுபோய் எல்லைக்கு அப்பால் புதைத்துவிட்டு வந்தார்கள்.

ராஜா எச்சில் விழுங்கிப் பார்த்தார். அமைதி. 'மந்திரி' என்று சொல்லிப் பார்த்தார். மந்திரி என்றே வந்தது.

"உனக்கு என்ன வேண்டும் பூவராகா?"

"எனக்கு ஒன்றும் வேண்டாம் மகாராஜா. பிரதானியாரை நினைத்தால்தான் கவலையாக இருக்கிறது. அவருக்கும் காது கிழிகிறது என்றாரே. உள்ளே எத்தனை பேர் இருக்கிறார்களோ."

ராஜா வைத்தியரைப் பார்த்தார். "நொச்சி மிச்சம் இருக்கிறதா?"

"ஒரு மூட்டை இருக்கிறது" என்றார் வைத்தியர், கொஞ்சம் வேகமாகவே.

பிரதானிக்கும் மூன்று நாள் கம்பளி. மூன்றாம் நாள் ராஜாவே பார்க்க வந்தார். பூவராகன் கம்பளிக்குப் பக்கத்தில் குனிந்து, நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி இழுத்து ஒரு 'டக்' போட்டான். வாசலில் நின்ற காவல்காரன் திரும்பிப் பார்த்தான்.

"பிரதானியாரே, ஏதாவது கேட்டதா?"

ஆவிக்குள்ளிருந்து குரல் வந்தது. "ஒண்ணும் கேக்கல அப்பனே. சத்தியமா ஒண்ணும் கேக்கல."

ராஜா தூணைப் பிடித்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தார். பிரதானிக்கு அதுவும் கேட்கவில்லையாம்.